தையல் மெஷின் மேல் வைத்து எழுதிய படிவம்

மணியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மிஷன் அலுவலக வருகைப் பதிவேட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. தெருவில் அந்தப் பெயரால் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அவள் சைக்கிளில் செயின் பழசு, சீட்டு கிழிசல், பிரேக் என்பது காலைத் தரையில் ஊன்றுவது. மணி மட்டும் பளபளவென்று இருக்கும். தீயணைப்பு வண்டிக்குப் போக வேண்டியது வழி தவறி வந்துவிட்டதோ என்று தோன்றும் அளவுக்குச் சத்தம். அதனால்தான் மணியக்கா.

அவள் வேலை வீடு பார்ப்பது. ஒரு கிறிஸ்தவச் சபையின் மிஷன் அது, அந்தத் தெருவின் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் ஒரு அரிசி மூட்டையும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவும் கொடுத்து வந்தது. வாங்குகிற குடும்பம் ஏழையாக இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இருந்து காட்ட வேண்டும். அதற்கு ஒரு படிவம். கூரைக்கு ஒரு புள்ளி, கதவுக்கு ஒரு புள்ளி, டிவிக்கு ஒரு புள்ளி, மின்விசிறிக்கு இரண்டு, கேஸ் அடுப்புக்கு மூன்று, ஃப்ரிட்ஜுக்கு ஐந்து, மோட்டார் வைத்த தையல் மெஷினுக்கு ஆறு. மொத்தம் பத்தைத் தாண்டினால் அந்தக் குடும்பம் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம், மூட்டையும் பள்ளிச் செலவும் நின்றுவிடும். இந்தக் கணக்கு ரகசியம். வெளியே சொன்னால் ஜனங்கள் ஏமாற்றுவார்கள் என்று மேலிடம் பயந்தது. சொல்லாததால் ஜனங்கள் எல்லாவற்றையும் ஒளித்தார்கள்.

மணியக்கா தெருமுனையில் திரும்பும்போதே மணியை அடிப்பாள். ஓர் ஆளைக்கூட ஒதுங்கச் சொல்ல வேண்டிய நெரிசல் அங்கே கிடையாது. ஆனாலும் அடித்துக்கொண்டே, நடப்பதைவிட மெதுவாக மிதித்து வருவாள். அதற்குள் டிவி கட்டிலடிக்குப் போகும். மின்விசிறி போர்வைக்குள் படுத்துக்கொள்ளும். அவள் நுழையும்போது வீட்டில் வறுமை வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கும். "என்னம்மா, மூச்சு வாங்குது?" என்பாள். "பலவீனம் அக்கா" என்பார்கள். அவளும் முகம் மாறாமல் எழுதிக்கொள்வாள்.

இந்தத் தாராளத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவளே அந்த மிஷன் அரிசியில் வளர்ந்தவள். அவளுக்கு ஒன்பது வயதில், அப்போதைய வீடு பார்க்கும் அம்மா முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். மெத்தைக்கடியில் ஒளித்திருந்த ரேடியோ அந்த எடைக்கு உயிர்பெற்று, ஒரு சோப்பின் பெருமையை உரக்கப் பாட ஆரம்பித்தது. பாட்டு முடியும் வரை எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். மறு வாரம் பட்டியலிலிருந்து பெயர் போயிற்று, கூடவே ஒரு வருஷப் படிப்பும். பிறகு அப்பா ரேடியோவை விற்றுவிட்டுக் கெஞ்சித் திரும்பச் சேர்த்தார். ஆனால் பள்ளி முடியும் வரை வகுப்பில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக, பின்பெஞ்சில் ஒட்டடைக்கம்பு மாதிரி அவள் நின்றாள். அந்த சோப்பை மட்டும் அந்த வீட்டில் அப்புறம் யாரும் வாங்கவில்லை. பெரியவளாகி மிஷனிலேயே வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் வாங்கியதுதான் அந்த மணி.

பன்னிரண்டு வருஷம் இப்படியே ஓடியது. அந்தத் தெருவில் அவள் மனசு ஒரு வீட்டில்தான் கொஞ்சம் அதிக நேரம் உட்காரும். அது தையல்காரியின் வீடு. ஒற்றை அறை. கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள், பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தாள். பேசுவது குறைவு, கணக்கு என்றால் புலி. அறையின் நடுவில் பூப்போட்ட துணி விரித்த ஒரு மேசை. மேலே தண்ணீர்ச் செம்பு. மணியக்கா அந்த மேசை மேல் படிவத்தை வைத்து, 'தையல் மெஷின்: இல்லை' என்று எழுதுவாள். மேசை என்பது அந்த மெஷின்தான். ஒரு தடவை அழுத்தி எழுதியபோது உள்ளேயிருந்த ஊசி துணியைத் துளைத்து அவள் விரலில் குத்தியது. "எறும்பு" என்றாள் தையல்காரி. "கடிக்கும்தான்" என்று விரலைச் சப்பிக்கொண்டே அடுத்த வரிக்குப் போனாள் மணியக்கா. மூன்று வருஷத்தில் ஆறு படிவம், ஆறு 'இல்லை'.

எழுதும்போதெல்லாம் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பாள். கூரை ஒன்று, கதவு ஒன்று, அடுப்பு மூன்று, மெஷின் ஆறு. பதினொன்று. எப்படிக் கூட்டினாலும் பதினொன்றுதான் வந்தது.

பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தபோது மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மிஷன் பாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். 'பன்னிரண்டு வருடங்களாக அந்தத் தெருவில் ஒவ்வொரு குடும்பமும் கூரைக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என இரண்டே புள்ளியில் நிற்கிறது. நாம் கொடுத்தது ஒருவரையும் ஒரு படி ஏற்றவில்லை. ஓர் அதிகாரியை அனுப்புகிறோம். முன்னேற்றம் தென்படாவிட்டால், மிகுந்த துக்கத்தோடும் ஜெபத்தோடும் உதவியை வேறு இடத்துக்கு மாற்றுவோம்.'

"பன்னெண்டு வருஷம் சோறு போட்டும் ஒரு ஃபேன்கூட வாங்கலையே இந்த ஜனங்க!" என்று பாஸ்டர் நிஜமாகவே கண்கலங்கினார்.

மணியக்கா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மெஷினைக் காட்டினால் தையல்காரி மகளின் படிப்பு போகும். யாருமே எதையும் காட்டாவிட்டால் தெருவோடு சேர்ந்து அதே படிப்பு போகும். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினாள். அன்று மணியடிக்க மறந்ததில் இரண்டு வீட்டு டிவி கையும் களவுமாகச் சிக்கியது.

"இந்த ஒரு தடவை இருக்கிறதைக் காட்டுங்க. காட்டினாத்தான் மூட்டை."

தெருவின் முதல் வீட்டு இஸ்திரிக்காரர் சிரித்தார். "யாருக்கு அக்கா காது குத்துறீங்க? இவ்வளவு நாளா காட்டாததாலதானே மூட்டை?"

"சட்டம் மாறிடுச்சு, அண்ணே."

"உங்களை நம்பி எடுத்து வச்சு நாளைக்கு நின்னுபோச்சுன்னா, உங்க சமையல்ல எங்களுக்கும் ஒரு கை அரிசி சேர்த்துப் போடுவீங்களா?"

தெரு கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. முன்னேற்றம்தானே வேண்டும்? காட்டிவிடலாம். ஆனால் சொந்தப் பொருளைக் காட்டக் கூடாது. இரவல் பொருளைக் காட்டினால், பின்னால் யார் கேட்டாலும் 'அது என்னுடையது இல்லை' என்று பைபிள் மேல் கைவைத்துச் சொல்லலாம், பொய்யும் ஆகாது. பக்தியுள்ள தெரு. இஸ்திரிக்காரர் 'ரிப்பேர்' என்று வாட்ச்மேனிடம் சொல்லி, மிஷன் ஹாலிலிருந்தே ஒரு நிற்கும் மின்விசிறியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அடியில் வெள்ளைப் பெயின்டில் ஏழாம் நம்பர். ஓர் இறக்கை உடைசல், சுற்றும்போது டக் டக் என்று தாளம் போடும்.

அதிகாரி வந்தார். ஒல்லியானவர், காதிடுக்கில் பென்சில். ஐந்து நிமிடத்தில் 'பென்சில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஹாலில் காலை ஜெபத்தின்போது அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் காற்று இல்லை. ஏழாம் நம்பர் ஏற்கனவே கிளம்பிப் போயிருந்தது.

முதல் வீடு இஸ்திரிக்காரருடையது. மின்விசிறி டக் டக் என்று சுற்றியது. பென்சில் குனிந்து நம்பரைப் பார்த்தார், எழுதினார். இரண்டாவது வீட்டுக்கு அவர் முன்வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பின்சந்து வழியாக மின்விசிறி வந்து சேர்ந்துவிட்டது. டக் டக். மறுபடி குனிந்தார், எழுதினார். மூன்றாவது வீட்டில் ஆள்கள் அவசரத்தில் பிளக்கைச் செருக மறந்துவிட்டார்கள். பழைய வேகத்திலேயே இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது. பென்சில் தரையில் கிடந்த வயரைப் பார்த்தார்.

"இது என்ன சிஸ்டர், விசுவாசத்துல சுத்துதா?"

மணியக்கா அடுத்த வீட்டைப் பார்த்து நடந்தாள்.

நாலாவது, தையல்காரியின் வீடு. பின்சந்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி குறுக்கே நின்றதால் மின்விசிறி வந்து சேரவில்லை. வெளியே "தூக்குடா, சாய்ச்சுத் தூக்குடா!" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பென்சில் பெருமூச்சு விட்டு, தாள்களைப் பூப்போட்ட துணியின் மேல் வைத்தார்.

"மூணு வீடு, ஒரு ஃபேன். அதுவும் எங்க ஃபேன். நான் பொய் எழுத மாட்டேன் சிஸ்டர். இங்க எதுவுமே வளரலைன்னுதான் எழுதணும்."

பென்சில் முனை தாளைத் தொட்டது. மகள் மூலையில் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளும் வயதுக்கு மீறி உயரமாகத் தெரிந்தாள். அவ்வளவுதான், மணியக்காவின் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது.

"ஐயா, எதுமேல வச்சு எழுதுறீங்கன்னு பாருங்க."

செம்பை எடுத்தாள், துணியை உருவினாள். மெஷின் எண்ணெய் மினுமினுப்போடு நின்றது. தையல்காரிக்குப் பேயறைந்த முகம்.

"அக்கா! என் குடியைக் கெடுத்துட்டியே!"

"மூணு வருஷமா இதுமேல வச்சுத்தான் இல்லைன்னு எழுதினேன், ஐயா. மணியடிச்சு ஒளிக்கச் சொன்னதும் நான், எழுதினதும் நான். அவங்க வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லலை. எறும்பைத் தவிர. தெரு முழுக்க இப்படித்தான், வளர்ந்ததை ஒளிச்சு வச்சிருக்காங்க. என்னை வேலையை விட்டுத் தூக்குங்க. தெருவை விட்டுடுங்க."

பென்சில் குனிந்து மெஷினைப் பார்த்தார். தையல் சரியாக ஓடுகிறதா என்று சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றியும் பார்த்தார். பிறகு கூட்டினார். "பதினொண்ணு. பத்தைத் தாண்டிடுச்சு. தெருவுக்கு நல்ல செய்தி, இந்த வீட்டுக்கு இல்லை. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இருக்கிறதை இருக்குன்னும் இல்லாததை இல்லைன்னும்தான் எழுதுவேன்."

"நாலு மாசத்துல பரீட்சை, ஐயா."

"பரீட்சைக்குப் படிவத்துல இடம் இல்லையே, சிஸ்டர்."

தையல்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மூலையிலிருந்து மகள் முதல் தடவையாகப் பேசினாள்.

"பெரியம்மா, கதவுக்கு எத்தனை புள்ளி?"

"ஒண்ணு."

நான்கு பேரும் கதவைப் பார்த்தார்கள். அது பாட்டுக்குத் திறந்து நின்றது, பாவம்.

தையல்காரி வாசலுக்குப் பாய்ந்து, "இஸ்திரி அண்ணே! ஃபேனை அங்கேயே போட்டுட்டு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வாங்க!" என்று கத்தினாள். அவர் வந்து, காரணம் கேட்காமலே கீல்களைக் கழற்றினார். எதையும் ஒளிக்கச் சொன்னால் ஏன் என்று கேட்காத கை அது. கதவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டுச் சுவரில் சாய்த்தார்கள். பென்சில் வெறும் வாசல் நிலையின் ஊடாகத் தெருவைப் பார்த்தார். வலது கையை நீட்டி ஒருமுறை ஆட்டியும் பார்த்தார், தட்டுப்படவில்லை.

"கதவு: இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "பத்து."

அப்புறம் தாளை மூடினார். "இப்ப ஹாலுக்குப் போய் டீ குடிச்சுட்டு அரைமணி நேரத்துல முதல் வீட்டிலிருந்து திரும்ப வரேன். வெளியே எடுக்கச் சொல்றதுக்கு எந்த மணி, சிஸ்டர்?"

"அப்படி ஒரு மணி இல்லீங்க ஐயா. ஒளிக்கிறதுக்கு மட்டும்தான் இருக்கு."

எனவே வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். இம்முறை, மெஷின் நடுவீட்டில் நிற்பதையும் கதவு நடுத்தெருவில் போவதையும் கண்ணால் பார்த்தவர்கள் நம்பினார்கள். டிவிகள் கட்டிலடியிலிருந்து தும்மிக்கொண்டு வந்தன. கடைசி வீட்டில் துணிமூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு ஃப்ரிட்ஜே வெளியே வந்தது. பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்தாள்.

"அடிப்பாவி! கோடை முழுக்க நாக்கு வறண்டு கிடந்தேனே, ஒரு வாய் ஐஸ் தண்ணி கொடுத்தியா?"

"கொடுத்தா உனக்குத் தெரிஞ்சிடுமே!"

அந்த வீட்டின் கூட்டல் ஒன்பது. ஒளித்து வைத்திருக்கவே தேவையில்லை. மற்ற வீடுகள் ஆறு, ஏழு, எட்டு. தெரு முழுவதும் பத்துக்குள்ளேயே நின்றுகொண்டு பன்னிரண்டு வருஷம் பதுங்கியிருந்தது.

உதவி நிற்கவில்லை. மேலிடம் அதை ஆறே மாதத்தில் நடந்த அற்புதம் என்று எல்லாச் சபைகளுக்கும் எழுதியது. மணியக்காவுக்கு வேலை தப்பியது. மணியை மட்டும் கழற்றிவிட வேண்டும் என்று பென்சில் உத்தரவு போட்டார்.

கழற்றிய மணியை அவள் தையல்காரியின் நிலைக்கட்டையில் திருகி வைத்தாள். கதவில்லாத வீட்டில் தைக்கக் கொடுக்க வருபவர்கள் எதைத் தட்டுவார்கள்? பரீட்சை முடிவு வரும் வரை வாசலில் ஒரு பழைய சேலை தொங்கியது. இஸ்திரிக்காரர் தன் மேசையைக் கொண்டுவந்து அந்த வாசலுக்கு நேரே போட்டுக்கொண்டார். "இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார். மழை நாளிலும் அங்கேயே நின்றார். ஃப்ரிட்ஜ்காரி தினமும் ஒரு பாட்டில் ஐஸ் தண்ணீர் கொடுத்தனுப்பினாள், பாவக் கடன் கழிக்கிற மாதிரி. உள்ளே அந்தப் பெண், மெஷின் சத்தத்துக்கும் மணிச் சத்தத்துக்கும் நடுவில் படித்தாள்.

தேறினாள். கணக்கில் பள்ளிக்கே முதல்.

மறு வாரம் கதவு தன் கீலுக்குத் திரும்பியது. மணியக்கா படிவத்தோடு வந்தாள். இஸ்திரிக்காரர் வீட்டில் பழக்க தோஷத்தில் எதையோ போர்வை போட்டு மூடுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கண்டுகொள்ளாமல் நடந்தாள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எழுத மேசை இல்லை. தாளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு எழுதினாள். எழுத்து கோணல் மாணலாக வந்தது. கூரை: உண்டு. கதவு: உண்டு. அடுப்பு: உண்டு. தையல் மெஷின்: உண்டு. மொத்தம் பதினொன்று. கடைசியாக, குடும்பத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டும். பேனா பெயருக்கு மேலேயே நின்றது.

"அடி அக்கா, அடி. இதுக்குமா மணியடிக்கணும்?" என்றாள் தையல்காரி, மிதியிலிருந்து காலை எடுக்காமல்.

மகள் தன் ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்து ஸ்கேலை எடுத்தாள். பெயருக்கு நடுவில் அதை வைத்து, ஆடாமல் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நேரா போடுங்க, பெரியம்மா."