வேம்புலி நகர்

வேம்புலிக்கு எல்லைக்கல்லைக் கண்டாலே ஆகாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சைக்கிள் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் டர்னர். பக்கத்து மெஷினில் எத்திராஜ். 1984இல் ஒருநாள் சாப்பாட்டு வேளையில், வேம்புலி சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் காட்டினான்: நடுவில் ஒரு கிணறு, சுற்றி ஒன்பது வீடு, எல்லோருக்கும் ஒரே மாட்டுக் கொட்டகை, அடுப்புக்குச் சாண எரிவாயு, குளித்த தண்ணீர் வாழைக்கு. மதில் கிடையாது, மனை பிரிப்பதும் கிடையாது. எத்திராஜ் சிரித்தான். சாப்பிட்டு முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது.

இரண்டு வருஷம் அலைந்து, கம்பெனிக்காரர்கள் ஏழு பேரைச் சேர்த்து, செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒன்றரை ஏக்கரை ஒன்பது பேர் பெயரிலும் ஒரே பத்திரமாக வாங்க வைத்தான். சாமியார் மடமா கட்டப் போகிறாய் என்று கேலி பேசியவர்களை ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வரச் சொன்னான். வந்தவர்கள் கிணறு வெட்டினார்கள். பழைய எண்ணெய் பீப்பாய்களை வெட்டி ஒட்டி எரிவாயுக் கலம் செய்து, அதில் முதல் டீ போட்டான். டீயில் சாண வாடை அடித்தது என்று எத்திராஜ் கடைசிவரை சாதித்தான். இரண்டு டம்ளர் குடித்ததைச் சொல்லமாட்டான்.

வீடு கட்டத் தொடங்குமுன் 1991இல் வேம்புலிக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்திலேயே ஒரு மாதம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எத்திராஜிடம் ஒன்றுதான் கேட்டான்.

"மச்சான், நான் இல்லாட்டியும் கல்லு மட்டும் நட உட்டுடாத. கல்லு நட்டா மனுசன் மாறிடுவான்."

எத்திராஜ் சரி என்றான்.

வேம்புலி போனபிறகு மூன்று வருஷம் அந்த வார்த்தையைக் காப்பாற்றினான். பிறகு கம்பெனி கதவடைத்தது. சிலருக்கு விற்கவேண்டியிருந்தது, சிலருக்கு உடனே வீடு வேண்டியிருந்தது. பிரிக்கலாம் என்று முதலில் வாயைத் திறந்தவன் ஒன்பது பேரில் ஒருவனான கன்னியப்பன். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பிரிக்கமுடியும். வேம்புலியின் இடத்தில் அவன் மனைவி நாகவல்லி.

"நீங்க போட்டா நானும் போடறேண்ணா," என்றாள். "அவரு உங்க கிட்டதான சொல்லிட்டுப் போனாரு."

ஆக, எத்திராஜ் முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. வாடகை வீட்டில் அவன் மனைவி பூங்காவனம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், வேலையும் இல்லை. பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டான். சாக்கு ஆயிரம் சொல்லலாம், பயம்தான் காரணம்.

மனசு அறுத்தது. லே-அவுட்டுக்குப் பெயர் வைக்கக் கூடியபோது எழுந்து, "வேம்புலி நகர்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். கன்னியப்பன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நம் பக்கத்தில் செத்தவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை ஏது? போர்டுக்கு எத்திராஜே பெயிண்ட் அடித்தான். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினான், முட்டாள்.

1996இல் அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத்தான் நாகவல்லி பிரித்தபிறகு முதன்முதலாக அந்தப் பக்கம் வந்தாள். ஐந்து மனையில் மதில் எழும்பியிருந்தது. கிணறு கன்னியப்பன் மதிலுக்குள் போயிருந்தது. மதில் ஒரு ஜாண் தள்ளி வந்துவிட்டது என்று பக்கத்து மனைக்காரன் கத்திக்கொண்டிருந்தான். அவள் போர்டைப் படித்தாள். பந்தியில் உட்காரவில்லை. எத்திராஜைத் தனியே கூப்பிட்டாள்.

"பிரிச்சத நான் ஒண்ணும் சொல்லலண்ணா, நானுந்தான் கையெழுத்துப் போட்டேன். அவரு பேர மட்டும் எடுத்துடுங்க. பாக்கறவங்க இவருதான் பிளாட் போட்டு வித்தாருன்னு நெனப்பாங்க."

எத்திராஜுக்கு உடம்பே கூசிப்போனது. கரையான்சாவடியிலிருந்து இந்தப் பக்கம் வரும் வழியெல்லாம் எத்தனை நகர், எத்தனை புரோக்கர் பெயர். இது ஏன் தோன்றாமல் போயிற்று? மறுநாளே போர்டைக் கழற்றினான். ஆனால் ரேஷன் கார்டில், கரண்ட் பில்லில், ஆட்டோக்காரர்கள் வாயில் எல்லாம் அந்தப் பெயர் ஏறிவிட்டிருந்தது. அடுத்த மாதமே நகர்க்காரர்கள் வைத்திருந்த சங்கத்தார் கடப்பைக் கல்லில் வெட்டி நட்டார்கள்.

ஆறாவது மனையை வாங்கி வந்த ஆவடிக்காரர் ஒருநாள் அவனிடம் கேட்டார், யார் சார் இந்த வேம்புலி, பெரிய புரோக்கரா என்று.

இல்லை என்றான் எத்திராஜ். பின்னே யார் என்றார். நிலத்தைப் பிரிக்கவே கூடாது என்றவன் என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால், அப்புறம் பிரித்தது யார் என்று கேட்பார்.

"தெரிஞ்சவரு," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான்.