அண்ணன் டீமின் ஜப்பான்காரன்

டிவியில் ஜப்பான்காரன் ஒருவன் ஓட்டத்துக்குக் குனிந்து நின்றான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அறுபதுகளின் கடைசியில் அண்ணன் பேப்பரில் ஒரு செய்தி படித்தான். ஒலிம்பிக்கில் ஓடிய ஜப்பான்காரனை அங்கே ஒரு பேஸ்பால் டீம் ஓடுவதற்கென்றே சேர்த்திருக்கிறதாம். மட்டையே தொட வேண்டாமாம். "நம்ம கிரிக்கெட் டீமுக்கு நீதாண்டி ஜப்பான்காரன்" என்றான். குண்டு அண்ணன் அடிப்பான், அவனுக்காக நான் ஓடுவேன்.

ஐயம்பேட்டை டீமோடு மேட்ச். ஜெயிக்க ஒரே ரன். அண்ணன் அடித்தான். பாவாடையைச் செருகிக்கொண்டு பறந்தேன். பாதியில் அவர்கள் விக்கெட் கீப்பர் கத்தினான்: "இழை அறுந்துடுச்சு!"

எங்கள் நெசவுக்காரத் தெருக்களில் தறிக்கான பட்டுப் பாவு இழைகளை நீட்டும்போது அந்தக் குரல் கேட்டால், முடிச்சுப் போடும்வரை யாரும் அசையக் கூடாது. நான் நின்றேன். அவன் ஆட்களும் நின்றுவிட்டார்கள். அவனே நடந்துபோய்ப் பந்தை எடுத்துவந்து ஸ்டம்பைத் தட்டினான்.

"ஏண்டி நின்னுக்கினு இருக்குற?" என்று அண்ணன் கத்தினான், அடித்தபோது ஓங்கிய மட்டையை அவனும் இறக்காமலே.

அந்தக் கீப்பர்தான் என் வீட்டுக்காரர். இப்போது டிவியில் ஜப்பான்காரன் ஓடுவதற்குள் சேனலை மாற்றிவிட்டார். ரிமோட்டைப் பிடுங்கப் பாய்ந்தேன்.

"இழை அறுந்துடுச்சும்மா" என்றார்.

இந்த வயசிலும், ஒரு காலைத் தூக்கியபடியே நின்றேன்.