கொழுக்க வைக்கும் பட்டினி

அந்தக் கண்ணாடிக் குடுவையின் வாயில் ஒரு கீறல். வீசச் சொன்னதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் குடுவை கழுவிய காலம் அது. இப்படிப்பட்ட குடுவைகளில்தான் அங்கே ஆராய்ச்சி செய்த எங்கள் ஐயா ஈஸ்ட் வளர்த்தார். பாண் மாவைப் பொங்கவைக்கும் சாதி வேறு. இது உடம்புக்குள் எண்ணெய் சேர்க்கும் சாதி. சீனியை அள்ளிப் போடுவார். தழைச்சத்து உப்பை மட்டும் நகக்கண் அளவு.

எனக்கு மனசு கேட்கவில்லை. உயிருள்ளதைப் பட்டினி போடலாமா? ஒரு நாள், கிருமி போக அவிக்க வைத்த குடுவைகளில் என் பருப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிவிட்டேன். நாலு நாளில் ஈஸ்ட் கூழாய்ப் பெருகியிருந்தது. எண்ணெயைத்தான் காணவில்லை.

"என்னம்மா வேலை பார்த்து வச்சிருக்கீங்க!" என்று கத்தினார் ஐயா. பிறகு ஆறி, பழைய குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து உருப்பெருக்கியில் காட்டினார். ஒவ்வொரு ஈஸ்ட்டுக்குள்ளும் பளபளவென்று ஒரு நெய்த்துளி.

"பருப்பு, முட்டையில இருக்கிற தழைச்சத்து இல்லாட்டி இது பெருக முடியாதும்மா. சீனி மட்டும் வந்துகிட்டே இருக்கும். என்ன செய்யும்? கொழுப்பாக்கி ஒதுக்கி வச்சுக்கும். பார்க்கத்தான் கொழுப்பு, உள்ளுக்குள்ள பட்டினி."

அதே மாதம், பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் மகள் மயங்கி விழுந்தாள். கைத்தாங்கலாக ஆய்வுகூடத்துக்கே என்னிடம் கூட்டிவந்தார்கள். காலையில் ரொட்டி, பத்து மணிக்குச் சீனித் தேத்தண்ணி, மத்தியானம் மறுபடி ரொட்டி. முட்டையைக் கண்டு எத்தனை நாளோ. உடம்பு பருமன், நகமெல்லாம் வெளுப்பு. ஐயா அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்.

"திங்கிறதக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கம்மா."

அவள் தலை கவிழ்ந்தாள்.

"ஈஸ்ட்டுன்னா பட்டினி, எம் புள்ளைன்னா தீனியாங்கய்யா?" என்றேன்.

ஐயா மேசையைப் பார்த்தார். நான் வேலையை விட்டேன். மகளோ அன்றிலிருந்து அரை ரொட்டியோடு எழுந்துவிடுவாள். எத்தனை வருசம்! அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போன வாரம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர் அதே பேச்சைப் பேசினார். இந்தமுறை என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்னத்தத் திங்கிறேன்னு மொதல்ல கேளுங்க டாக்டர். அப்புறம் குறைக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கீறல் குடுவையை எடுத்துக் கழுவினேன். மகளுக்குப் பாசிப்பயறு ஊறப் போட்டேன், இரண்டு கை நிறைய.