ஊர்தியை ஏந்த ஒருவர்

எஞ்சின் இல்லாத சிறு வானூர்திகளைப் பறக்கவிடுவது எங்கள் பொழுதுபோக்கு. ஒருவர் ஊர்தியைத் தலைக்குமேல் ஏந்தி நிற்பார். உரியவர் அதில் பிணைத்த நீண்ட நூலைப் பற்றிக் காற்றை எதிர்த்து ஓடுவார். நல்ல காற்றெனில் விரைந்த நடையே போதும். என் கால்களுக்கும் அது இயலும். ஊர்தி பட்டம்போல் ஏறி, உச்சியில் நூல் கழன்றதும் தானே மிதக்கும். நெடுநேரம் மிதப்பதே வெற்றி.

கோடை ஞாயிறுகளில் நாகலாபுரத்தை அடுத்த வறண்ட ஏரியில் போட்டி நடத்துவோம். நடுவன் நான், என் ஊர்தியும் பறக்கும். ஆண்டுக்கு ஆண்டு ஆள் குறைந்தது. சென்ற கோடையில் எங்கள் குழு தொலைபேசியில் கூடிப் பேசியபோது, ஸ்ரீசிட்டித் தொழிற்சாலையில் பணிபுரியும் நண்பர் கேட்டார்:

“ஐயா, எனக்கு ஞாயித்துக்கெழமை லீவே கெடையாது. ஷிஃப்ட் முடிச்சிக்கினு வர்ற வழியில வுட்டுட்டு வீடியோ அனுப்புறேன். ஒத்துக்குவீங்களா?”

“தூங்கிக்கினே வுடுவீங்கண்ணா. அது நேரா ஃபேக்டரிக்கே திரும்பிப் பூடும்!” என்றார் சித்தூர்ச் செவிலியர். சிரித்து முடித்தபின், “எனக்கும் அப்டின்னா தோதுதான் ஐயா” என்றார்.

இசைந்தேன். ஒரு மாதம் முழுவதும் அவரவர் வாய்த்த பொழுதில், வாய்த்த இடத்தில் பறக்கவிடலாம். காணொளியைக் கண்டு நேரத்தை நான் கணிப்பேன். விலகியிருந்தோர் பலரும் திரும்பினர்.

நான் திருச்சானூரில் தனித்து வாழ்பவன். ஏரியிலோ, கேளாமலேயே எவரேனும் வந்து என் ஊர்தியை ஏந்துவர். இனி எனக்கு ஏந்த ஆளிராது என்பது விதி வகுத்தபோது தோன்றவில்லை. ஒரு காலையில் பேருந்தேறி ஏரிக்குச் சென்றேன். ஆளில்லை. தொலைவில் ஆடு மேய்த்தவரை அழைக்க நாணி, ஊர்தியைக் கருவேலம் புதரின்மேல் சாத்தி நூலை இழுத்தேன். அது சாய்ந்து விழுந்தது; இறக்கை கிழிந்தது.

மாத முடிவில் காணொளிகளைப் பார்க்க அமர்ந்தேன். நடுவனின் கண் ஊர்தியைத் தொடர வேண்டும். என் கண்ணோ ஏந்தியவர்களிடமே நின்றது. இரவுப்பணி முடித்த செவிலியருக்காக, தோளில் சோற்றுப்பையுடன் அவர் கணவர் நின்றார். தொழிற்சாலை நண்பருக்கு அவர் மாமியார்: “ஐயோ, என்னையும் சேத்துத் தூக்கினு பூடப்போவுது மாப்ளே!” ஒவ்வொன்றையும் மீண்டும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தே நேரத்தைக் கணிக்க முடிந்தது.

முடிவை அறிவித்ததும் அந்நண்பர் தொலைபேசியில் அழைத்தார்.

“இன்னா ஐயா, உங்க பேரையே காணோம்?”

“காற்று ஒத்துவரவில்லை.”

“அதான! இந்த மாசம் காத்தே செரியில்ல” என்றார், எல்லாரினும் நெடுநேரம் ஊர்தியை மிதக்கவிட்டவர். “அடுத்த வாட்டியும் இப்டியேதான? மறுபடி ஞாயித்துக்கெழமைன்னா நான் இல்ல ஐயா.”

‘ஞாயிறு’ என்ற ஒரு சொல் போதும். சிலரேனும் ஏரிக்கு வருவர்.

“இப்படியேதான்” என்றேன்.

பின்னர் கிழிந்த இறக்கைக்குத் தாள் ஒட்டினேன். பசை காயும்வரை அதைக் கையால் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தேன்.