பிரிட்டோவின் அடி எங்கே போனது

செலியமேட்டில் புகழ்வேந்தன் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒரு டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில், கதவை ஒட்டி, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் மைக் செட் மணிவண்ணன் உட்கார்ந்திருந்தார். அந்த டி.வி.யில் எது கேட்கும், எது கேட்காது என்பது அவருக்கு மூன்று நாளாகவே தெரியும். அது ஏன் கேட்கவில்லை என்பதும் தெரியும். அந்த மாடியில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ஓடிக்கொண்டிருந்தது 'கடப்பாரை'யின் கச்சேரி. கடப்பாரை என்பது பாகூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் ராக் குழு. பாட்டும் கிடாரும் புகழ்வேந்தன், டிரம்ஸ் பிரிட்டோ. பிரிட்டோ தவளக்குப்பத்தில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவன். சாவுக்கும் மாதா தேருக்கும் பேண்டு அடித்துப் பழகிய கை அவனுடையது. மாசி மாதம், அறுப்பு முடிந்த வயலில் மேடை போட்டு வாசித்தார்கள். வில்லியனூரிலிருந்து கல்யாண வீடியோ எடுக்கும் நவநீதன் மூன்று கேமராவோடு வந்து எடுத்தான். அதைப் பெண்டிரைவில் போட்டு, மேலே கடப்பாரை படம் ஒட்டி, ரசிகர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். வீட்டு டி.வி.யில் போட்டுப் பாருங்கள், மனசில் பட்டதை ஒளிக்காமல் ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லுங்கள் என்று புகழ்வேந்தன் எல்லோருக்கும் சொல்லியிருந்தான்.

ஒளிக்காமல்தான் சொன்னார்கள்.

"பாட்டு சூப்பர்ணா. கிடாரு சொல்லவே வேணாம்," என்று ஆரம்பித்தான் பாக்யராஜ். மினி வேன் ஓட்டுகிறவன், பாகூர்த் திருவிழாக் கமிட்டியிலும் இருப்பவன். "ஆனா டிரம்ஸு? என் வண்டியில ரெண்டு ஊஃபர் ஸ்பீக்கர் கீது. தட்டுனா கண்ணாடி ஆடும். அதுலயே போட்டுப் பாத்தன். எவனோ பக்கத்துத் தெருவுல தகர டப்பா தட்டுற மாதிரி கீது."

"எங்க வூட்டு டி.வி.ல அந்த டப்பாவும் இல்ல," என்றது ஒரு குரல். மாடியே சிரித்தது.

பிரிட்டோ முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். சிரிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

சுவேதா கையில் ஒரு நோட்டோடு வந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிறவள், கடப்பாரையின் எந்தப் பாட்டில் எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். கச்சேரியன்று காய்ச்சலில் கிடந்ததால் வர முடியவில்லை. அந்தக் கோபமும் அவளிடம் இருந்தது. "மூணாவது பாட்டுல கடைசியில தனியா ஒரு அடி வருமே, அதுக்காகத்தான் நான் அந்தப் பாட்டே கேப்பன். வீடியோல பாருங்க, பிரிட்டோ அண்ணன் கைய தலைக்கு மேல தூக்கி அடிக்கிறாரு, வேர்வை பறக்குது, ஒரு சத்தம் வரல. அடிக்கிறாரா, அடிக்கிற மாதிரி காட்டுறாரா?"

"நா அங்க இருந்தன்மா," என்றார் ஒருவர். "நெஞ்சே அதிர்ந்துச்சு."

"கூட்டத்துல எல்லாருக்கும் அதிரும்ணா. வீடியோ பொய் சொல்லுமா?"

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான். நாமதான் ஒரு ஜோருல அப்டி நெனச்சிக்கினமோ இன்னாவோ," என்று தன் நெஞ்சைத் தானே சந்தேகப்பட்டு உட்கார்ந்துவிட்டார்.

மணிவண்ணனின் சட்டைப்பையில் போன் கனத்தது. போனுக்கு அப்படியொன்றும் கனம் கிடையாது. ஆனாலும் கனத்தது.

*

மணிவண்ணன் காட்டேரிக்குப்பத்தில் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவர். பதினாறு வயதில் ஒரு மைக் செட் கடையில் குழாய் ஸ்பீக்கர் தூக்கச் சேர்ந்தார். புளியமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவார். எந்தத் தெருவுக்கு எந்தப் பக்கம் வாயைத் திருப்ப வேண்டும் என்று மரத்திலிருந்தே சொல்லிவிடுவார். பிறகு சொந்தமாகச் செட் வாங்கினார். முப்பது வருஷத்தில் இந்தப் பக்கம் அவர் சத்தம் போகாத கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, கருமாதி இல்லை. அவர் செட்டில் கரகரப்பு வராது. மழை வந்தாலும் பேச்சு நிற்காது. படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் தொழிலில் யாராவது ஏதாவது கேட்டால் "தெரியாது" என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. தெரியாததற்கும் "ஆவட்டும், செஞ்சிடலாம்" என்பார். பிறகு எப்படியாவது செய்தும்விடுவார்.

அவருடைய பாதிக் காது அவர் மனைவி விஜயராணியிடம் இருந்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து அதுதான் ஏற்பாடு. செட் போட்டதும் அவள் நடந்து கடைசி வரைக்கும் போய் நிற்பாள். அந்தக் காலத்தில், நன்றாகக் கேட்டால் துண்டை ஒரு சுற்று சுற்றுவாள், கேட்காவிட்டால் இரண்டு சுற்று. இப்போது வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறாள். மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு எல்லாம் நன்றாகத்தான் கேட்கும், கடைசியில் நிற்கிறவன் சொல்வதுதான் கணக்கு என்பது அவர்கள் தொழில் பழக்கம்.

கச்சேரியன்றும் அவள் வாய்க்கால் மேட்டில் போய் நின்றாள். கச்சேரி தொடங்கும் முன் மூன்றாவது பாட்டை வாசித்துச் சரிபார்த்தபோது அவள் குரல் வந்தது. பாட்டு வரவில்லை, மேளம்தான் வருகிறது, மேளத்தைக் குறை என்றாள். மணிவண்ணன் உடனே, ஒவ்வொரு மைக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பெட்டியில், டிரம்ஸ் மைக்குகளையெல்லாம் அடியோடு இறக்கினார். பாட்டை மேலே ஏற்றினார். திறந்த வயலில் பிரிட்டோ அடிக்கிற அடிக்கு மைக் எதற்கு? அது தானாகவே போய்ச் சேரும். அதன் பிறகு கடைசி வரப்பு வரை எல்லாம் அளவாகக் கேட்டது. ஜனங்கள் ஆடித் தீர்த்தார்கள்.

ஆனால் கச்சேரிக்கு முன்பே புகழ்வேந்தன் ஒரு பெண்டிரைவைக் கொடுத்து, "மாமா, சத்தத்தை மிக்ஸர்லயே புடிச்சிடலாமா? வீடியோவுக்கு அதான் சுத்தமா இருக்கும்," என்று கேட்டிருந்தான். மணிவண்ணன் வழக்கம்போல "ஆவட்டும்" என்றார். கோயில் சொற்பொழிவும் சர்ச் ஜெபமும் அப்படித்தான் பிடித்திருக்கிறார். அங்கே வாய்ப்பேச்சுதானே, எல்லாம் மைக் வழியாகத்தான் வரும். இங்கே மைக்கே வேண்டாமென்று இறக்கிய டிரம்ஸ், மிக்ஸருக்குள் போகவில்லை. மிக்ஸருக்குள் போகாதது பெண்டிரைவுக்கு எப்படி வரும்? வயல் முழுக்க இடித்த அடி, வீடியோவில் பாடகனின் மைக்கில் ஓரமாக ஒட்டிக்கொண்ட தகர டப்பாவாகப் போனது.

வியாழக்கிழமை வீட்டு டி.வி.யில் போட்டவுடனேயே அவருக்குப் புரிந்துவிட்டது. விஜயராணியிடமும் சொல்லவில்லை. மீன்குழம்பு வைத்த நாளில் ஒரு கை சோற்றோடு எழுந்துவிட்டார். அவள், "இன்னாய்யா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல" என்றார்.

சொல்லலாம்தான். ஆனால் சித்திரைத் திருவிழாவுக்கு இந்த முறை கடலூரிலிருந்து பெரிய செட் கொண்டுவரலாம் என்று கமிட்டியில் ஏற்கெனவே பேச்சு. அந்தப் பேச்சை எடுத்தவனே பாக்யராஜ்தான். "மணிவண்ணனுக்குப் புது சாமான் தெரியாதுப்பா" என்று யாராவது ஒருவர் வாயில் வந்துவிட்டால் போதும், அது பாகூரிலிருந்து வில்லியனூர் வரை அரை நாளில் போய்விடும். அதற்கு மைக்கே வேண்டாம்.

*

கடைசிப் பாட்டு முடிந்ததும் புகழ்வேந்தன் டி.வி.யை நிறுத்தினான். அவன் முகம் இரண்டு நாள் தூங்காத முகமாக இருந்தது.

"ஒளிக்காம சொல்லிடறன்பா. சென்னையில பெரிய கச்சேரிக்குக் கூப்ட்ருக்காங்க. அவங்களுக்கும் ஒரு வீடியோ அனுப்பியிருந்தன், அதப் பாத்துட்டுத்தான் கூப்ட்டாங்க. ஆனா டிரம்ஸுக்கு அவங்களே ஆள் தராங்களாம். உங்க ஆள் சரியில்லன்னு சொல்றாங்க. ஆறு மணிக்குள்ள பதில் சொல்லணும். நானும் பிரிட்டோவும் ஒண்ணா வளந்தவங்க, நான் சொன்னா அது சரியா இருக்காது. நீங்க சொல்லுங்க."

கீழே ரோட்டில் ஒரு டிராக்டர் போய் மறைந்தது.

"பிரிட்டோ, நீ இன்னா சொல்ற?" என்று கேட்டான் பாக்யராஜ்.

பிரிட்டோ தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்கு நல்லா அடிச்ச மாதிரிதான் இருந்துச்சு எனக்கு. வூட்ல போட்டு ஏழு வாட்டி பாத்தன். இல்ல. அதுல நா இல்ல. நேத்து பட்டறையிலருந்து வந்து டிரம்ஸ் முன்னால ஒக்காந்தன், கை ஏறவே இல்ல. இவ்ளோ நாளும் இப்டித்தான் அடிச்சினு இருந்தனா, யாரும் சொல்லலயான்னு தோணுது." சற்று நின்று, "அவங்க ஆளையே கூப்டுக்கடா. நா ஒண்ணும் நெனச்சிக்க மாட்டன்," என்றான்.

"சரி. சென்னை ஆள் வரட்டும்னு நெனக்கிறவங்க கைய தூக்குங்க," என்றான் புகழ்வேந்தன்.

ஒரு கை எழுந்தது. இரண்டு. ஐந்து. சுவேதா கையைத் தூக்கினாள், பாதியில் நிறுத்தினாள், பிறகு முழுக்கத் தூக்கினாள். பாக்யராஜ் பிரிட்டோவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி தூக்கினான்.

மணிவண்ணன் எழுந்தார். பிளாஸ்டிக் நாற்காலி அவரோடு கொஞ்சம் எழுந்து, பிறகு விழுந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"கையக் கீழ போடுங்கப்பா."

"இன்னா மாமா?" என்றான் புகழ்வேந்தன்.

மைக் செட்காரர் சட்டைப்பையில் பேனா இருக்காது, ஒரு முழ ஒயர் இருக்கும். அதை எடுத்தார். புகழ்வேந்தன் பயிற்சிக்கு வைத்திருந்த ஸ்பீக்கர் பாக்ஸில் ஒரு முனையைச் செருகி, மறுமுனையைப் போனில் செருகினார்.

பாக்ஸிலிருந்து விஜயராணி மாடி முழுக்கப் பேசினாள்.

"யோவ், வாய்க்கா மேட்டாண்ட நிக்கறன். பாட்டு ஒரு வார்த்தை வரல. மேளம் மட்டுந்தான் வருது. அந்தப் புள்ள அடிக்கிறது வயித்துல வந்து வுழுது, வரப்புல கட்டியிருக்கற மாடு மெரளுது. மேளத்தக் கொறய்யா, பாட்டத் தூக்கு. காதுல இன்னா வச்சினுகீற நீ?"

அவள் பேச்சுக்குப் பின்னால் அது இருந்தது. முதலில் நிதானமாக, பிறகு நெருங்கி, பிறகு விடாமல். அரை மைல் வயலைத் தாண்டி வந்த அடி. அவள் பேசி முடித்த பிறகும் போனை அணைக்க மறந்து நின்றிருக்கிறாள்; அதனால் அது மட்டும் தனியாக இன்னும் கொஞ்சம் ஓடியது. பாக்ஸின் மேலிருந்த ஸ்டீல் டம்ளர் நகர்ந்தது.

நின்றதும் சுவேதா சொன்னாள், "இது மூணாவது பாட்டு. அந்தத் தனி அடி." பிறகு, "இன்னொரு வாட்டி போடுங்க," என்றாள்.

இன்னொரு வாட்டி போட்டார். இந்த முறை விஜயராணியின் திட்டுக்குக்கூட யாரும் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு டிரம்ஸ மிக்ஸர்ல அடியோட கொறச்சவன் நா," என்றார் மணிவண்ணன். "வயலுக்கு அது சரி. வீடியோவுக்கு அந்த மிக்ஸர்லருந்துதான் சத்தம் போச்சு. கொறச்சது அதுல இல்லாமத்தான் போவும். வியாழக்கெழமயே எனக்குப் புரிஞ்சிபோச்சு, சொல்லல. அவன் அடிச்சான். நாந்தான் புடிக்கல."

"முப்பது வருசமா செட்டு வச்சினுகீறீங்க," என்றான் பாக்யராஜ். "இது தெரியாதா உங்களுக்கு?"

மணிவண்ணன் அவனையே பார்த்தார். பிறகு சொன்னார்.

"தெரியாது."

தூக்கியிருந்த கைகளில் கடைசியாக மிச்சம் இருந்ததும் இறங்கியது. புகழ்வேந்தன் அங்கேயே நின்றபடி சென்னைக்குப் போன் போட்டான். எங்கள் டிரம்ஸ்காரன் வருவான், அவன் இல்லாமல் நாங்கள் வரமாட்டோம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசினார்கள். "புது காப்பி அனுப்பறன், அதக் கேட்டுட்டு அப்பால சொல்லுங்க," என்று முடித்தான். அதற்கு அவர்கள் என்ன சொல்வார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நவநீதனைக் கூப்பிட்டுக் கேட்டபோது, மூன்று கேமராவும் தனித்தனியாகப் பிடித்த சத்தம் இன்னும் அழிக்காமல் இருக்கிறது, இரைச்சல் என்று ஒதுக்கி வைத்தேன், அதில் டிரம்ஸ் கிடைக்கும் என்றான்.

பாக்யராஜ் படியிறங்கும்போதே யாரிடமோ போனில் பேசிக்கொண்டு போனான். சித்திரைத் திருவிழாவுக்குக் கடலூர் செட்தான் வந்தது. அதை மணிவண்ணன் அந்தப் படியிலேயே தெரிந்துகொண்டார்.

கீழே, பைக் பக்கத்தில் பிரிட்டோ நின்றிருந்தான். அவரால் அவனைத் தாண்டிப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"மூணு நாளு, மாமா," என்றான் அவன். சத்தமே போடவில்லை. "ஒரு போன் பண்ணியிருக்கலாம் நீங்க."

"பண்ணியிருக்கலாம்."

"நா டிரம்ஸ வித்துடலாம்னு இருந்தன்."

அவன் பைக்கில் ஏறி உட்கார்ந்தான். சாவியைப் போட்டான், திருகவில்லை.

"அத்தை பேசுனாங்களே, அத எனக்கு அனுப்புங்க."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, விரலால் தேடித் தேடி அனுப்பினார். பிரிட்டோவின் போன் ஒலித்தது. அவன் அதைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். காதில் என்ன வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று விஜயராணி திட்டுவது பக்கத்தில் நின்ற மணிவண்ணனுக்கே கேட்டது. பிறகு அவன் இடது கை, அவனுக்குத் தெரியாமலேயே, பெட்ரோல் டாங்கில் தட்ட ஆரம்பித்தது.