ஒரு தடவை பதில் வராவிட்டால்

சுனாமிக்கு அடுத்த வருஷம் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சர்வர் இருந்தது. நான் அப்போது மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரும் கொஞ்சம் தெரியும். உதவி செய்ய வந்த ஓர் அமைப்பு, கரையோரக் குப்பங்களில் குப்பத்துக்கு ஒரு கம்ப்யூட்டரும் ஒலிபெருக்கியும் வைத்தது. கடல் நிலவரம் எங்கள் வீட்டு சர்வருக்கு வரும். மாடியிலிருந்த ஆன்டெனா வழியாகக் குப்பங்களுக்குப் போகும். அங்கே ஒருவர் மைக்கில் படிப்பார்.

எந்தக் குப்பத்துக் கம்ப்யூட்டர் ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று ஒரே பக்கத்தில் பார்க்க ஒரு டாஷ்போர்டு வேண்டும் என்றார்கள். இலவச மென்பொருள்தான். சிடியைப் போட்டு, பிழைச்செய்திகளோடு மல்லுக்கட்டி, நானே நிறுவினேன். சர்வர் ஒவ்வொரு குப்பத்தையும் விடாமல் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு, கூடவே எங்கள் வீட்டு ஸ்பீக்கரில் அலறல். எத்தனை முறை பதில் வராவிட்டால் அலற வேண்டும் என்பதை நாம்தான் குறிக்க வேண்டும். மாதிரிக் கோப்பில் மூன்று என்றிருந்தது. நான் அதை ஒன்றாக்கினேன்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் குப்பத்தில் ஒரு தோழி வீட்டில் இருந்தாள். தண்ணீருக்கு முன்னால் ஓடித் தப்பித்து வந்தாள். தோழி வரவில்லை. நான் மகளைத் தேடி அலைந்த அந்தக் காலைப்பொழுது என் உடம்பை விட்டு இன்னும் போகவில்லை. மூன்று தடவை கேட்டுப் பார்க்கும் பொறுமை எனக்கு எங்கிருந்து வரும்?

பராமரிப்பு என்பது உப்போடு சண்டை. ஆன்டெனா இணைப்புகளில் பச்சைப் பாசிபோல் களிம்பு பிடிக்கும்; துடைத்து கிரீஸ் தடவுவேன். கரண்ட் போனால் குப்பத்து பேட்டரிகள் கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஒரு நாளைக்குப் பலமுறை அலறும். அலறும்போதெல்லாம் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள்.

"அப்பா, மூணு தடவ கேட்டுப் பாத்துட்டு கத்தட்டுமேப்பா. இல்லன்னா நான் இங்க இருந்து படிக்கவே முடியாது. அத்த வீட்டுக்குப் போயிடறேன்."

"மூணு தடவ கேக்கறதுக்குள்ள என்னா வேணா ஆயிடும்மா."

"பயந்துக்கறது அவளா, நீயா?" என்றாள் என் மனைவி அடுப்படியிலிருந்து.

ஒரு மதியம் நானும் மனைவியும் வெளியே போயிருந்தோம். மகள் தனியாக இருந்தாள். ஸ்பீக்கர் அலறியது. அவள் செருப்புகூடப் போடாமல் மேற்கே ரோட்டைப் பார்த்து ஓடியிருக்கிறாள். எங்கள் வீட்டில் இருப்பது "சுனாமி மிஷின்" என்று தெருவுக்கே தெரியும். அந்த வீட்டுப் பெண் ஓடினால்? தெரு ஓடியது. தெருவைப் பார்த்து உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பாத்தி வரப்பில் விழுந்து ஓர் அம்மாளுக்கு முழங்கால் கிழிந்தது.

கடல் அதுபாட்டுக்கு இருந்தது. ஒரு குப்பத்தில், மைக்கில் படிக்கிறவர் அயர்ன் பாக்ஸ் போடுவதற்காகக் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கியிருந்தார்.

நான் வந்தபோது டீக்கடை முன்னால் கூட்டம். மகள் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள், பாதமெல்லாம் ரத்தம்.

"ஏம்பா, உன் பொண்ணு ஓடனா ஊரே ஓடணுமா?"

"அவனவன் சட்டைக்கு இஸ்திரி போட்டா இவுங்க சுனாமின்றாங்க!"

சிரித்தார்கள். பயந்து ஓடியவர்களின் சிரிப்பு அது, குரூரம் இல்லை. ஆனால் அது அன்றோடு நிற்கவில்லை. அவள் தெருவில் போனால் பையன்கள் "அக்கா, இன்னிக்கு ஓடலியா?" என்பார்கள். ட்யூஷனிலும் யாரோ கேட்டார்களாம். அந்த வாரமே துணிகளை எடுத்து வைத்துக்கொண்டாள். கடலை விட்டுத் தள்ளி வானூரில் என் தங்கை வீடு; அங்கிருந்து பஸ்ஸில் பள்ளிக்கூடம் போவதாகச் சொன்னாள். நான் தடுத்தேன்.

"பரிட்ச முடியட்டும்மா, சத்தத்த கொறச்சிடறேன்."

"நீ கொறைக்க மாட்டப்பா," என்றாள். கோபமே இல்லாத குரல்.

அவள் போன அன்றைக்கே ஒன்றை மூன்றாக்கினேன், ஸ்பீக்கரையும் கழற்றினேன். அலறல் இல்லாமலே டாஷ்போர்டு ஒழுங்காக வேலை செய்தது. சிவப்பான பெரும்பாலானவை மூன்றாவது கூப்பிடலுக்குள் பச்சையாகிவிட்டன.

அவளைத் திரும்ப அழைத்து வர ஒரு ஞாயிற்றுக்கிழமை வானூர் போனேன். தங்கை மோர் கொடுத்தாள். மகள் உள்ளறையில் தரையில் உட்கார்ந்து கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். நான் பேச்சைத் தொடங்குமுன் கரண்ட் போனது. அலறலை எதிர்பார்த்து என் உடம்பு நிமிர்ந்தது. அவள் நிமிரவில்லை. கையை மட்டும் நீட்டி ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுத்த வரியை எழுதினாள்.

அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

"என்னப்பா, திடீர்னு?"

"சும்மாதாம்மா. பாத்துட்டுப் போலாம்னு."

"சாப்ட்டுட்டுப் போண்ணா," என்றாள் தங்கை. சாப்பிட்டேன். கிளம்பும்போது மகள் வாசல்வரை வந்தாள். சத்தத்தை எடுத்துவிட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால், எனக்காக அவள் வந்துவிடுவாள் என்று தோன்றியது. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.