ஃப்ரீ த்ரோவுக்கு முதுகு காட்டியவர்

புதுக்கோட்டையில் எங்கள் கல்லூரிப் பெண்கள் அணியின் கூடைப்பந்து கோச்சைப் பார்த்தால் கோச் மாதிரியே இருக்காது. குள்ளம், தொப்பை, நெற்றியில் திருநீறு, காலில் ரப்பர் செருப்பு. வெளியூர் மேட்சுகளில் அவரை வேன் டிரைவர் என்று நினைத்து, வண்டியை அங்கிட்டு ஓரமாக நிறுத்தச் சொல்வார்கள். அவரும் போய் டிரைவரிடம் சொல்லிவிட்டு வருவார்.

ஆட்டம் முழுக்கக் கத்துவார். எதிரணி ஃபவுல் செய்து, எங்களில் யாராவது தனியாக ரிங்கைப் பார்த்து ஃப்ரீ த்ரோ போட நின்றால் மட்டும் வாயை மூடிக்கொண்டு, கோர்ட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடுவார். பந்து விழுந்ததா என்பதை எதிரே பெஞ்சில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். நான் மூன்று வருஷமும் பெஞ்ச். அதனால் அவருக்கு நல்ல சேதி, கெட்ட சேதி எல்லாம் பெரும்பாலும் என் முகம்தான் சொன்னது.

ஒருமுறை, கடைசி ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் ஜெயிப்போம் என்ற நிலையிலும் திரும்பி நின்றார்.

"இதையாவது பாருங்க சார்" என்றேன்.

"நான் பாத்தா அந்தப் புள்ள என்னையப் பாக்கும் தாயி. அப்புறம் ரிங்க யாரு பாக்குறது?"

பந்து விழவில்லை. என் முகத்தைப் பார்த்தவர், "சரி, வேன எடுக்கச் சொல்றேன்" என்று நடந்தார்.

ஓய்வு பெற்ற நாளில், கழுத்தில் மாலையோடு கோர்ட்டைத் தாண்டி கேட்டை நோக்கிப் போனார். கண்ணைத் துடைக்கிற மாதிரி இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டி, ரிங்கைப் பார்த்து நின்றோம்.

கேட்டருகே அவர் ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அன்றைக்கு பெஞ்சில் ஒருத்தரும் இல்லை.